அரைப்பேர்

காலை ஐந்தரை.
பெர்த்தில் எட்டு மணி, பல் டாக்டர் கிளினிக்கைத் திறந்திருப்பார்.
ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டுகிறேன்,
மூன்றாம் நம்பர் மலையைப் பார்த்து.
அந்தப் பக்கம்தான் டவர்.

ஹோல்டன் அம்மாவின் கடைவாய்ப் பல்லை
வியாழனுக்கு மாற்றினேன்.
பணம் கட்டாத ஒருவருக்குப்
பணிவாக இன்னொரு தரம் எழுதினேன்.
பணிவு எனக்குப் பழக்கம்.
அதற்கும் காசு கேட்கலாம் என்று தெரியவரத்தான்
இரண்டு வருஷம் போனது.

ஏ.எல். எழுதிவிட்டுப் பதினொரு மாதம் கொழுந்தெடுத்தேன்.
சாக்குக்கு இரண்டு கிலோ வெட்டு,
ஈரத்துக்கு இரண்டு கிலோ.
பதினெட்டில் ஒன்று குறைந்தால்
அரைப்பேர்.

பிறகு ஹட்டனில் தவணைக்கு ஒரு பழைய லேப்டாப்.
அதில் 'என்' மட்டும்
இரண்டு தரம் அழுத்தினால்தான் விழும்.

வேலை பிடித்துத் தந்த தளத்திலும் ஒரு தராசு இருந்தது:
நூறு டொலரில் இருபது அதற்கு.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என் திரையைப் படமெடுக்கும்.
தேத்தண்ணி ஊற்ற எழும்பினால்
சிவப்பில் எழுதும்: வேலை நடக்கவில்லை.
கணக்கப்பிள்ளையாவது
மழை வந்தால் குடைக்குள் ஒதுங்குவார்.

வங்கியில் கேட்டார்கள்,
"வேலை கொடுப்பவர் யார்?"
நான்தான் என்றேன்.
"விலாசம்?"
எங்களுக்கு வரும் கடிதமெல்லாம்
தோட்டத்து ஆபீஸில் இறங்கி
பத்து நாள் கழித்துக் கைக்கு வரும்,
சிலது பிரித்தபடி.
பாரத்தில் அந்தக் கட்டம் சின்னது.
நுணுக்கி எழுதினேன்:
நாலாம் காம்பரா, ஆறாம் லயம், கீழ்ப்பிரிவு.
ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மூன்று தரம் நோர்வூட்டுக்குப் போய்வந்த பஸ் காசை
செலவுக் கணக்கில் சேர்த்தேன்.
முதல் செலவுக் கணக்கு அதுதான்.

தளத்தைவிட்டு வெளியே வந்து எட்டு மாதம் கழித்து
டாக்டருக்கு ஒரு கடிதம்:
அடுத்த மாதம் முதல் மணிக்குப் பதினான்கு டொலர்.
'மன்னிக்கவும்' மூன்று இடத்தில் போட்டிருந்தேன்.
மூன்றையும் எடுத்தேன்.
ஒன்பது நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன்.
அனுப்பிய இரவு சோறு இறங்கவில்லை.

பதில் இரண்டு வரி:
சரி.
வெள்ளிக்குள் எக்ஸ்ரே படங்களை ஒழுங்குபடுத்திவிடு.

ஒன்பது நாள்!

இப்போது ஐந்து பேர் எனக்கு.
லீட்ஸில் மெழுகுதிரி வார்ப்பவள்,
டொரொண்டோவில் நாய்களை மட்டும் படம் பிடிக்கும் ஒருவர்,
இன்னும் இரண்டு பேர், நல்லவர்கள்,
என் பெயரை மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும்
புதிதாகக் கண்டுபிடிப்பார்கள்.
ஒற்றை ஆளாய் முடியவில்லை.
சாமிமலையிலிருந்து பவித்ரலதாவைச் சேர்த்தேன்.
வேகமாக டைப் அடிப்பாள்,
கமாவுக்கு மட்டும் கஞ்சத்தனம்.

போன மாதம் பதினேழாம் திகதி
அவர்கள் பக்கம் மண் சரிந்து கம்பி அறுந்தது.
பதினொன்றரைக்கு அவள் பெயருக்கு அருகே இருந்த
பச்சைப் புள்ளி போய்விட்டது.
மிச்சத்தை நான் முடித்தேன், விடிய இரண்டு மணி வரை.

இன்று அவள் சம்பள அட்டவணை.
பதினைந்து, ஒன்று.
பதினாறு, ஒன்று.
பதினேழுக்கு வந்ததும்
விரல் தானாகப் போய்
0.5 அடித்தது.

சின்ன எண்தான்.
கட்டத்தின் வலது ஓரத்தில்
அடக்கமாக நின்றது.
வெளியே பிரட்டுக்குப் போகிறவர்களின் டோர்ச் வெளிச்சம்
சுவரில் ஏறி இறங்கியது.
இதை எனக்கு யார் படிப்பித்தது?

அழித்தேன். ஒன்று போட்டேன்.
பக்கத்துக் கட்டத்தில் 'கரண்ட் இல்லை' என்று காரணம் எழுதி
அதையும் அழித்தேன்.
ஒன்றுக்கு எதற்குக் காரணம்?

பிறகு வட்ஸ்அப்பைத் திறந்தால்
இரவே அவள் அனுப்பிய செய்தி கிடக்கிறது:
அக்கா பதினேழாம் திகதி பாதி நாள்தான்
வெட்டிக்கோங்க

கமா இல்லை.
பதில் எழுத உட்கார்ந்து
கால் மணி நேரம் ஆகிறது.
பெர்த்திலிருந்து யாரோ அழைக்கிறார்கள்.